சிவப்பு ஸ்நோசூட்டும் ஸ்கின் கலர் கிரேயானும்

போன ஞாயித்துக்கிழமை அக்கா தன் பொண்ணை எங்கிட்ட விட்டுட்டு துணி எடுக்கப் போயிட்டா. குட்டிக்கு அஞ்சு வயசு. அவளை மேய்க்க எனக்குத் தெரிஞ்ச ஒரே டெக்னிக், ஏதாவது கார்ட்டூன் போட்டுக் குடுத்துட்டு நான் இன்னொரு மூலையில் உக்காந்து ஆணி பிடுங்குறது. (ஞாயித்துக்கிழமை ரிலீஸ் வைக்கிற மேனேஜர்களைப் பத்தி தனியா ஒரு பதிவு போடணும் மக்களே.) அன்னிக்குப் பாத்து கரண்ட் போயிடுச்சு. வேற வழியில்லாம கிரேயான் டப்பாவும் பழைய பிரிண்ட் அவுட் பேப்பரும் எடுத்துக் குடுத்தேன்.

குடும்பப் படம் வரைஞ்சா. தாத்தா, பாட்டி, அம்மா, அப்பா, நான், அவ. கோடெல்லாம் போட்டு முடிச்சதும், "மாமா, அந்த ஸ்கின் கலரை எடு"ன்னா. ரோஸும் இல்லாம ஆரஞ்சும் இல்லாம வெளிறிப்போய் ஒண்ணு இருக்குமே, அதேதான். எங்க வீட்டுல அந்த நிறத்துல இருக்கற ஒரே விஷயம் பாத்ரூம் டைல்ஸ். எங்கப்பா, அதாவது அவளோட தாத்தா, நல்ல கறுப்பு. அவருக்கும் அதையே தேய்ச்சா.

"தாத்தா இந்தக் கலராடி இருக்காரு?"

"இல்ல. ஆனா படத்துல எல்லாருக்கும் இதுதான் அடிக்கணும் மாமா. புக்குலல்லாம் அப்பிடித்தானே இருக்கு."

சுருக்குன்னுது. நானும் சின்ன வயசுல அதே கலரைத்தான் கேட்டு வாங்கி அடிச்சிருக்கேன், ஒரு நாள் கூட யோசிச்சதில்ல. எந்திரிச்சுப் போய் பரண் மேல இருந்த பெட்டியிலேர்ந்து ஒரு புத்தகத்தைத் தேடி எடுத்தேன். நியூஜெர்சியில ஆன்சைட்ல இருந்தப்போ, லைப்ரரியில பழசைக் கழிச்சு சல்லிசா வித்த நேரத்துல வாங்கினது. பேரு 'தி ஸ்நோயி டே'. எழுதி வரைஞ்சவர் எஸ்ரா ஜாக் கீட்ஸ். அட்டையில சிவப்பு ஸ்நோசூட் போட்ட ஒரு குட்டிப் பையன், பனியில தன் காலடித் தடத்தைத் திரும்பிப் பாத்துக்கிட்டு நிப்பான். பையன் கறுப்பு. பக்கத்துல ஒரு தங்க நிற முத்திரை. இந்தப் பதிவு அந்தப் பையனையும் அந்த முத்திரையையும் பத்தினதுதான்.

முதல்ல முத்திரை. அது கால்டிகாட் பதக்கம். அமெரிக்காவில் ஒவ்வொரு வருஷமும் சிறந்த குழந்தைகள் படப் புத்தகத்துக்கு அமெரிக்க நூலகச் சங்கம் கொடுப்பது. கவனிங்க, எழுதினவருக்கு இல்லை, படம் வரைஞ்சவருக்கு. நல்ல சிறுவர் நூலுக்கான நியூபெரி பதக்கம் 1922-லேயே வந்துவிட்டது. படம் போடுறவங்களை யாரும் கண்டுக்கலையேன்னு 1937-ல் ஃப்ரெடரிக் மெல்ச்சர் என்கிற பதிப்பாளர் யோசனை சொல்ல, 1938-ல் முதல் பதக்கம் டோரதி லேத்ரப்புக்குப் போனது.

கால்டிகாட் அமெரிக்கரே இல்லை என்பதுதான் தமாஷ். ரான்டால்ஃப் கால்டிகாட் 1846-ல் இங்கிலாந்தின் செஸ்டரில் பிறந்தவர், பேங்க் குமாஸ்தா. பேங்க் காகிதங்களில் கிறுக்கிக்கிட்டே காலத்தை ஓட்டிட்டு, 1872-ல் வேலையை விட்டுட்டு லண்டனுக்குப் போய் முழுநேர ஓவியரானார். (மீட்டிங்ல நோட்டுல கிறுக்குற சக பொட்டிதட்டிகள் கவனிக்க. ஆனா வேலையை விட்டுட்டு என்னைக் கேக்காதீங்க.) எட்மண்ட் எவன்ஸ் என்ற அச்சுக்காரரோடு சேர்ந்து 1878 முதல் வருஷத்துக்கு ரெண்டு வீதம் 16 படப் புத்தகங்கள் போட்டார். 1886-ல் ஃப்ளோரிடாவில் இறந்தபோது 40 வயசு கூட ஆகலை. அவர் செய்தது சுலபமாச் சொல்லக்கூடியது: பாட்டு ஒரு வரி சொல்லும், படம் அந்த வரியில் இல்லாத இன்னொண்ணைச் சொல்லும். வரியில பூனைன்னு இருந்தா பூனையை மட்டும் வரைஞ்சுட்டுப் போறவர் இல்லை. 'வார்த்தை சொல்லாததைப் படம் சொல்றது' என்ற இந்த விஷயத்தைக் கொஞ்சம் ஞாபகம் வெச்சுக்குங்க. பின்னாடி ஒரு சண்டையே இதை வெச்சுத்தான்.

இப்ப பையன். அவனுக்கு முன்னாடி, இங்கிலீஷ் படப் புத்தகங்களில் உலகம் முழுக்கத் தெரிஞ்ச ஒரு கறுப்புக் குழந்தை உண்டு. அவன் நம்ம ஊர் ரயில்ல பிறந்தவன்னு சொன்னா நம்புவீங்களா?

ஹெலன் பேனர்மேன்னு ஒரு ஸ்காட்லாந்துப் பெண்மணி. கணவர் இந்திய மருத்துவப் பணியில் டாக்டர். வெயில் காலத்துல பெண் குழந்தைகளைக் கொடைக்கானலில் விட்டுட்டு, 1898-ல் மெட்ராஸுக்கு ரயிலில் திரும்பி வரும்போது பிள்ளைகளுக்கு அனுப்ப ஒரு கதை எழுதி, படமும் தானே போட்டார். அதுதான் 'லிட்டில் பிளாக் சாம்போ', 1899-ல் லண்டனில் அச்சாச்சு. ஒரு பையனோட புதுத் துணியையெல்லாம் புலிகள் பிடுங்கிக்கும். அப்புறம் அதுங்க ஒண்ணையொண்ணு துரத்தி மரத்தைச் சுத்திச் சுத்தி ஓடி உருகி நெய்யாப் போயிடும். அந்த நெய்யில அம்மா பான்கேக் சுட, பையன் மட்டும் 169 சாப்பிடுவான். புலி, நெய்யின்னு கதை முழுக்க இந்தியா. ஆனா படத்துல இருக்கற பையன், கரி முகமும் தடிச்ச உதடுமா அந்தக் காலத்து வெள்ளைக்காரங்க கேலிக்கு வரையிற 'நீக்ரோ'. கதையா பாத்தா செம ஜாலி, எனக்கே பிடிக்கும். படம்தான் வினை.

பேனர்மேன் காப்பிரைட்டை வெறும் 5 பவுனுக்கு வித்திருந்தார். அதனால அமெரிக்காவில் ஆளாளுக்கு அச்சடிச்சப்போ அவரால ஒண்ணும் பண்ண முடியலை. ஒவ்வொரு பதிப்பிலும் படங்கள் இன்னும் கோரமாச்சு. 'சாம்போ' என்பது ஏற்கெனவே அங்கே வசவு வார்த்தை. பள்ளிக்கூடத்துல இந்தப் புத்தகத்தைப் படிக்கிற அன்னிக்கு வகுப்பில் இருந்த கறுப்புக் குழந்தைகளுக்கு என்ன ஆயிருக்கும்னு நாமளே யோசிச்சுக்கலாம். 1932-லேயே கவிஞர் லாங்ஸ்டன் ஹ்யூஸ், வெள்ளைக் குழந்தைக்குச் சிரிப்பாத் தெரியிற இந்தப் புத்தகம் கறுப்புக் குழந்தையைக் காயப்படுத்துதுன்னு எழுதிட்டார். ஹ்யூஸ் பேரையும் ஞாபகம் வெச்சுக்குங்க, மறுபடி வருவார்.

இனி கீட்ஸ். ஒரிஜினல் பேரு ஜேக்கப் எஸ்ரா காட்ஸ். 1916-ல் புரூக்ளினில், போலந்திலிருந்து பஞ்சம் பிழைக்க வந்த யூதக் குடும்பத்துல பிறந்தார். அப்பா பெஞ்சமின், கிரீனிச் வில்லேஜில் ஒரு காபிக் கடையில சர்வர். பையன் படம் வரையிறதை அப்பாவுக்குச் சுத்தமாப் பிடிக்கலை, பிச்சைதான் எடுப்பேன்னு பயம். ஆனா அப்பப்ப பெயின்ட் டியூபோட வீட்டுக்கு வருவாராம். "பட்டினி கிடக்கிற ஓவியன் ஒருத்தன் ஒரு கிண்ணம் சூப்புக்காக இதைக் குடுத்துட்டுப் போனான், பாத்துக்க உன் கதியும் இதான்"ங்கற மாதிரி கதை விடுவார். உண்மையில காசு குடுத்து வாங்கினது.

1935 ஜனவரி. கீட்ஸுக்கு ஹைஸ்கூல் பட்டமளிப்புக்கு முந்தின நாள், அப்பா மாரடைப்பில் தெருவுல விழுந்து இறந்துபோறார். அடையாளம் காட்ட பையனைத்தான் கூப்பிடுறாங்க. அப்பாவோட பர்ஸைத் திறந்தா உள்ளே நைஞ்சுபோன பேப்பர் கட்டிங்குகள். எல்லாம் பையன் ஓவியப் பரிசு வாங்கினப்போ வந்த செய்திகள். உயிரோட இருந்தவரை ஒரு வார்த்தை பாராட்டாத மனுஷன், அதையெல்லாம் பையிலேயே வெச்சுச் சுத்தியிருக்கார். எங்க ஊர் அப்பாக்களும் இதே மாடல்தான், அதனால இந்த இடத்துல மட்டும் எனக்கு மேல தட்டச்ச வரலை. கொஞ்ச நேரம் விட்டுட்டு வந்தேன்.

ஓவியப் பள்ளி ஸ்காலர்ஷிப் கிடைச்சும் குடும்ப நிலைமையால போக முடியலை. பொருளாதார மந்தநிலை காலத்து அரசாங்கத் திட்டத்துல சுவரோவிய வேலை, காமிக்ஸுல கேப்டன் மார்வெலுக்குப் பின்னணி வரையிறது, ரெண்டாம் உலகப்போர்ல ராணுவத்துக்கு கேமஃபிளாஜ் டிசைன்னு கிடைச்சதையெல்லாம் செஞ்சார். போர் முடிஞ்சு வந்தா, யூதப் பேருங்கறதால வேலை கிடைக்கிறது கஷ்டம். 1947-ல் காட்ஸ், கீட்ஸ் ஆனார். பேரை மாத்தினாத்தான் கதவு திறக்கும்னு ஒரு மனுஷன் கத்துக்கிட்ட வருஷம் அது.

1950-கள்ல மத்தவங்க எழுதின சிறுவர் புத்தகங்களுக்குப் படம் போட ஆரம்பிச்சார். வருஷக்கணக்கா வந்த கையெழுத்துப் பிரதிகள்ல ஒண்ணுல கூட கறுப்புக் குழந்தை கதாநாயகன் இல்லை. அவர்கிட்ட ஒரு பழைய கட்டிங் இருந்தது (அப்பா புத்தி!). 1940-ல் 'லைஃப்' பத்திரிகையில் வந்த நாலு போட்டோக்கள். மூணு, நாலு வயசுக் கறுப்புப் பையன் ஒருத்தனுக்கு ரத்தப் பரிசோதனைக்கு ஊசி குத்தப்போறாங்க. குத்துறதுக்கு முன்னாடி முகம், குத்தின பிறகு முகம். அந்த முகத்துல மயங்கி அதைக் கிழிச்சு வெச்சு, தொலைக்காம இருபது வருஷத்துக்கு மேல கூடவே வெச்சிருந்தார். சொந்தமா ஒரு புத்தகம் எழுத சான்ஸ் கிடைச்சதும், கதாநாயகன் அந்தப் பையன்தான்னு அவருக்குத் தெரிஞ்சிருந்தது. பேரு பீட்டர்.

கதையா? பெருசா ஒண்ணுமில்லை. காலையில எந்திரிச்சா வெளியே பனி. பீட்டர் ஸ்நோசூட் போட்டுக்கிட்டு இறங்குறான். காலை உள்பக்கம் திருப்பி நடக்கிறான், வெளிப்பக்கம் திருப்பி நடக்கிறான். குச்சியால மரத்தைத் தட்டித் தலையில பனியைக் கொட்டிக்கிறான். பெரிய பசங்க ஆட்டத்துல சேத்துக்க மாட்டாங்கன்னு புரிஞ்சு ஒதுங்குறான். நாளைக்குன்னு ஒரு பனிக்கட்டி உருண்டையைப் பாக்கெட்ல போட்டுக்கிட்டு வீட்டுக்கு வர்றான். ராத்திரி பாத்தா பாக்கெட் காலி. அவ்ளோதான். கதையில சாம்போவோட கேலி இல்லை, 'பாவம் ஏழைக் குழந்தை' கண்ணீர் இல்லை, அறிவுரையும் இல்லை. ஒரு குழந்தைக்கு ஒரு நாள் லீவு.

படங்கள்தான் விஷயம். முதல்ல அங்கங்க கொஞ்சம் டிசைன் காகிதம் ஒட்டலாம்னுதான் நெனச்சாராம். ஒண்ணு ஒட்டினா இன்னொண்ணு கேக்க, கடைசியில தனக்கே தெரியாத ஒரு பாணியில முழுப் புத்தகமும் வந்துடுச்சு. அம்மாவோட கட்டம் போட்ட டிரெஸ், அலமாரித் தட்டுல விரிக்கிற ஆயில் கிளாத்திலிருந்து வெட்டினது. படுக்கை விரிப்பு, ஓவியம் வரையிற பெல்ஜியம் கேன்வாஸ். பனிப் பூக்கள், அழிரப்பரைச் செதுக்கி அச்சு பண்ணி பெயின்ட்ல முக்கிக் குத்தினது. தூங்கப்போற பக்கத்துச் சாம்பல் சுவர், டூத் பிரஷ்ஷை மையில நனைச்சுத் தெளிச்சது. ஆறாங்கிளாஸ்ல இலையை வெச்சு சீப்பும் பிரஷ்ஷுமா நாம பண்ணோமே, அதே டெக்னிக் :-). நகரத்துப் பனியோட வெள்ளைக்குள்ள நீலமும் ரோஸும் ஊதாவும் கலந்திருக்கும். நடுவுல அந்தச் சிவப்பு. பிரவுன் முகத்துல கண்ணு மூக்கு அதிகம் இருக்காது. ஆனா முதுகைப் பாத்தே பையன் என்ன மூட்ல இருக்கான்னு சொல்லிடலாம்.

1962-ல் வைக்கிங் பதிப்பகம் வெளியிட்டது. 1963-ல் கால்டிகாட் பதக்கம். பதக்கம் வாங்கின புத்தகங்களில் ஒரு கறுப்புக் குழந்தையை முழுக் கதாநாயகனாக் கொண்ட முதல் புத்தகம். அந்த ஆகஸ்ட்லதான் மார்ட்டின் லூதர் கிங் வாஷிங்டன்ல லட்சக்கணக்கான பேர் முன்னாடி பேசினார். லாங்ஸ்டன் ஹ்யூஸ் கீட்ஸுக்குக் கடிதம் எழுதிப் பாராட்டினார். சாம்போவைப் பாத்து வெறுத்துப்போன அதே ஹ்யூஸ்.

சுபம் போட்டுடலாம்னா, சண்டை இனிமேதான்.

1965 செப்டம்பர்ல நான்சி லாரிக் என்ற கல்வியாளர், 'சாட்டர்டே ரிவ்யூ'ல ஒரு கட்டுரை எழுதினார். சிறுவர் நூலுலகம் முழு வெள்ளை என்பதுதான் சாராம்சம். 63 பதிப்பகங்கள் 1962 முதல் 1964 வரை போட்ட 5,206 சிறுவர் புத்தகங்களைக் கணக்கெடுத்தார். ஒரே ஒரு கறுப்பு முகமாவது இருந்தவை 349, அதாவது 6.7 சதம். கூட்டத்துல ஒரு ஓரமா நின்னாலும் இந்தக் கணக்குல வந்துடும். நிகழ்கால அமெரிக்கக் கறுப்பர் கதைன்னு பாத்தா ஒரு சதம் கூட இல்லை. அந்தக் கட்டுரை எதுல ஆரம்பிக்குது தெரியுமா? நியூயார்க் நர்சரிப் பள்ளியில படப் புத்தகம் பாத்துக்கிட்டிருந்த ஒரு கறுப்புக் குழந்தை, ஏன் எப்பவும் வெள்ளைக் குழந்தைங்களே இருக்காங்கன்னு கேக்குறதுல. அந்தக் குழந்தைக்கும் அஞ்சு வயசு.

அதே கட்டுரையில லாரிக் 'ஸ்நோயி டே'யையும் ஒரு பிடி பிடிச்சார். குற்றச்சாட்டு ரெண்டு. ஒண்ணு, பீட்டரின் அம்மா பெருத்த உடம்பும் பளபள மஞ்சள் கட்டம் போட்ட டிரெஸ்ஸுமா, தலையில சிவப்புத் துணி ஒண்ணுதான் பாக்கிங்கற மாதிரி பழைய 'கறுப்பு ஆயா' பொம்மை போல இருக்கார். ரெண்டு, பீட்டர் கறுப்பன்னு புத்தகத்துல ஒரு இடத்துலயும் எழுதலை.

கீட்ஸ் நொந்துபோய் அதே பத்திரிகைக்குக் கடிதம் எழுதினார். மூணு வயசுலேர்ந்து ஆறு வயசுக் குழந்தைக்கான படப் புத்தகம், தோல் நிறம் படத்துலயே தெரியுது, அதுக்கு மேல எழுத்துல வேற முத்திரை குத்தணுமாங்கறது அவர் வாதம்.

அந்தப் பக்கத்தை நான் பல தடவை புரட்டிட்டேன். அம்மா விஷயத்துல லாரிக்கை ஒரேயடியாத் தள்ள முடியலை. கீட்ஸ் மனசுல கேலி இல்லைதான். ஆனா எழுபது வருஷமா ஒரே மாதிரி படத்தைப் பாத்து நொந்தவங்களுக்கு அந்த உருவம் வேற ஒண்ணை ஞாபகப்படுத்துச்சுன்னா அது அவங்க குத்தமில்லை. ரெண்டாவது விஷயத்துல நான் முழுக்க கீட்ஸ் கட்சி. வெள்ளைக் குழந்தையைப் பத்தின எந்தப் புத்தகத்துலயாவது 'வெள்ளைக்காரச் சிறுவன் ஜான்'னு எழுதுறாங்களா? கால்டிகாட் வழியே இதுதானே. வார்த்தை பனியைப் பத்திப் பேசிக்கிட்டிருக்கு, படம் பையன் யாருன்னு சொல்லிடுது. எழுத்தை மட்டும் டைப் பண்ணிக் குடுத்தா பீட்டர் யாராவேணா இருக்கலாம். ஓவியத்துல மட்டும்தான் அவன் கறுப்பு. ஓவியத்துக்குன்னே தனியா ஒரு பதக்கம் வெச்சதுக்கு இதைவிட நல்ல காரணம் எனக்குத் தெரியலை.

லாரிக்கோட எண்ணிக்கை மட்டும் அப்படியே நிக்குது. அதுல இன்னொரு கேள்வியும் ஒளிஞ்சிருக்கு: பீட்டரை வரைஞ்சது ஒரு வெள்ளைக்காரர். கறுப்பு ஓவியர்கள் எங்கே? ஜான் ஸ்டெப்டோ பதின்வயசுலயே வரைஞ்ச 'ஸ்டீவி' 1969-ல் வந்தது. டாம் ஃபீலிங்ஸ் 1972-ல் கால்டிகாட் 'ஹானர்' வாங்கினார், ரெண்டாம் பரிசு மாதிரி. பதக்கத்தையே வாங்கின முதல் கறுப்பு ஓவியர் லியோ டில்லன், மனைவி டயானோட சேர்ந்து, 1976-ல். அடுத்த வருஷமும் அவங்களே. தனி ஆளா ஒரு கறுப்பு ஓவியர் வாங்கினது 2010-ல் ஜெரி பிங்க்னி. பீட்டருக்குப் பிறகு 47 வருஷம்! இதே பிங்க்னிதான் 1996-ல் எழுத்தாளர் ஜூலியஸ் லெஸ்டரோட சேர்ந்து நம்ம கொடைக்கானல் ரயில் கதையை எடுத்து, கேலிப் படமெல்லாம் தூக்கிப் போட்டு, 'சாம் அண்ட் த டைகர்ஸ்'னு புதுசா வரைஞ்சவர்.

கீட்ஸ் மேலும் ஆறு புத்தகங்களில் பீட்டரை வளர்த்தார், 1983-ல் இறந்தார். 2020-ல் நியூயார்க் பொது நூலகம் தன் 125 வருஷக் கணக்கைப் பாத்தப்போ, அதிகம் இரவல் போன புத்தகமா முதலிடத்துல நின்னது ஹாரி பாட்டர் இல்லை. 4,85,583 தடவை இரவல் போன 'ஸ்நோயி டே'.

எனக்கு அதைவிடப் பிடிச்சது ஒரு சின்னச் செய்தி. கீட்ஸ் அறக்கட்டளையை நடத்தின டெபோரா போப் சொன்னது. ஒரு டீச்சர் கீட்ஸுக்கு எழுதின கடிதத்துல, தன் வகுப்புக் கறுப்புக் குழந்தைங்க இதுவரை தங்களை ரோஸ் கிரேயான்லதான் வரைஞ்சாங்க, இந்தப் புத்தகத்துக்கு அப்புறம் முதல் தடவையா பிரவுன் எடுக்கிறாங்கன்னு சொல்லியிருந்தாராம். இதுல இன்னொரு கூத்து. அமெரிக்காவில் கிரேயோலா கம்பெனி ஒரு கிரேயானுக்கு 'ஃபிளெஷ்', அதாவது 'சதை நிறம்'னு பேர் வெச்சு வித்துக்கிட்டிருந்தது. அதை 'பீச்'சுன்னு மாத்தினாங்க. எந்த வருஷம்? 1962. பீட்டர் பனியில இறங்கின அதே வருஷம். அங்க பேரை மாத்தி அறுபது வருஷத்துக்கு மேல ஆச்சு, நாம இன்னும் 'ஸ்கின் கலர் குடு'ன்னுதான் கேட்டுக்கிட்டிருக்கோம்.

ஞாயித்துக்கிழமைக்கு வர்றேன். குட்டிக்குப் புத்தகத்தைத் தமிழ்ல சொல்லிச் சொல்லிக் காட்டினேன். மூணு தடவை கேட்டா. பாக்கெட்ல உருண்டை காணாமப்போற பக்கம் வந்ததும் நேரா ஃபிரிட்ஜுக்கு ஓடி ஒரு ஐஸ் கட்டியை கவுன் பாக்கெட்ல போட்டுக்கிட்டா. சோபா நனைஞ்சதுக்கு அக்காகிட்ட திட்டு வாங்கினது நான்.

அப்புறம் இன்னொரு பேப்பர் எடுத்து வரைஞ்சா. பீட்டரும் அவளும் கை கோத்து நிக்கிறாங்க, மேல நட்சத்திரம் நட்சத்திரமா பனி. பீட்டருக்கு நானே எடுத்துக் குடுக்காம, அவளாவே பிரவுன் எடுத்து அடிச்சா. எனக்கு உள்ளுக்குள்ள ஒரே பெருமை, டீச்சர் கடிதம் ரேஞ்சுக்கு ஒரு பதிவு மனசுல ஓடிருச்சு. அடுத்து தனக்கு அடிக்க டப்பாவைத் துழாவி, அதே வெளிறின கலரை எடுத்தா.

"ஏய், பீட்டருக்கு மட்டும் பிரவுன், உனக்கு?"

மக்கு ஸ்டூடன்ட்டைப் பாக்கிற மாதிரி என்னைப் பாத்தா. "பீட்டர் புக்குலயே பிரவுன்தானே மாமா."